சொரிமுத்து ஓய்வு பெறுகிறார்

பாபநாசம் பணிமனையில் இன்று சாயங்காலம்
உனக்கு மாலை போட்டார்கள்.
கழுத்து என்னுடையது.
"சொரிமுத்து, நடத்துனர், முப்பத்து மூன்று வருசம்,
ஒரு புகார் கிடையாது"
கிளை மேலாளர் மைக்கில் வாசித்தார்.
யாரோ பழக்கதோசத்தில் விசில் ஊதினார்கள்.
நான் எழுந்தேன்.

வீட்டில் நான் கொம்பையா.
சாகிறவரை அம்மை ஒரு தடவைகூட
உன் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடவில்லை.
பள்ளிக்கூடத்தில் பேர் வாசித்தபோது
அந்தப் பையன் வரவில்லை போல என்று
முதல் வாரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேனாம்.

அப்போது எனக்கு மூன்று வயசு.
வீரவநல்லூர்ப் பள்ளியில் பெரிய வாத்தியார்
தலைக்கு மேலே கையைச் சுற்றி
மறு காதைத் தொடுலே என்றார்.
எட்டவில்லை.
அப்பா சட்டைப்பையிலிருந்து
உன் பிறப்புச் சீட்டை எடுத்து நீட்டினார்.
அது தொட்டுவிட்டது.
பிள்ளைக்கு மத்தியானச் சோறு கிடைக்கும்,
அம்மை நடுகைக்குப் போகலாம்,
சீட்டு சும்மாதானே கிடக்கிறது.
அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இருபத்திரண்டு மாசச் சம்பளம் போச்சே"
என்கிறாள் பிரமு.
செல்போனில் கணக்குப் போட்டு
என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.
பெரிய தொகைதான்.

அவள் தூங்கிய பிறகு வேறு கணக்குப் போட்டேன்.
அந்த இருபத்திரண்டில்
முதல் பதினொரு மாசம் நீ இருந்தாய்.
கடைசிப் பத்து மாசம்
நான் வயிற்றில் இருந்தேன்.
மிச்சம் ஒன்று.
ரெண்டு பேரும் இல்லாத ஒரே ஒரு மாசம்.
பால் கட்டியிருக்கும்.
தொட்டில் சேலையை அவிழ்த்தார்களா,
அவள் அதையே துவைத்துக் கட்டிக்கொண்டாளா,
ஒன்றும் தெரியாது.
எப்போதோ கேட்டதற்கு,
"அந்த வருசம் வெயில் ஜாஸ்தி" என்றாள்.
அவ்வளவுதான்.

உன்னைப் புதைத்தது
கன்னடியன் கால்வாய்க் கரையில் என்பார்கள்.
அங்கே இப்போது பெட்ரோல் பங்க்,
டயருக்குக் காற்று பிடிக்கிற இடம்.
வண்டி அங்கே நிற்காது.
ஒரு நாளைக்கு ஆறு நடை அதைக் கடந்தும்
டிக்கெட் எண்ணுகிற சாக்கில்
குனிந்தேதான் போயிருக்கிறேன்.
ஒரு ஐப்பசி மழையில் மட்டும்
கை தானாக விசிலை எடுத்துவிட்டது.
வண்டி நின்றது.
மாசானம் ஸ்டியரிங்கிலிருந்து திரும்பிப் பார்த்தார்.
"யாருவே எறங்கணும்?"
படிக்கட்டில் மழைதான் ஏறிக்கொண்டிருந்தது.
"யாரும் இல்ல, போலாம்."

உன் முகம் எனக்குத் தெரியாது.
படம் எடுக்கிற வசதியா நமக்கு?
உன் பேருக்கு மேலே என் முகத்தை ஒட்டி
அட்டை அட்டையாக வைத்திருக்கிறேன்.
இந்தச் சீமையில் பலசரக்குக் கடைக்காரர் அண்ணாச்சி,
டீ ஆற்றுகிறவர் அண்ணாச்சி,
சில்லறை இல்லாமல் ஐந்நூறு ரூபாயை நீட்டுகிறவனுக்கு
நான் அண்ணாச்சி.
வாய் ஓயாமல் நானும் சொல்லியிருக்கிறேன்
ஊரில் உள்ள அத்தனை பேரையும்.
உன்னைத் தவிர.

விழா முடிந்து கிளார்க் கூப்பிட்டார்.
வருசத்துக்கு ஒரு தடவை வந்து
உயிரோடு இருப்பதாகக் கைரேகை வைக்கணுமாம்.
"வராட்டி பென்சன் நின்னுபோகும், பாத்துக்கிடுங்க."
"யாரு உயிரோட?" என்று கேட்டுவிட்டேன்.
அவர் சிரித்துக்கொண்டே
தாளில் உன் பேரைத் தொட்டுக் காட்டினார்.

டிக்கெட் கிழித்துக் கிழித்து
என் கட்டைவிரலில் ரேகையே இல்லை.
ரேஷன் கடை மெஷினே மூன்று தடவை கேட்கும்.
முந்தின ராத்திரி
தேங்காய் எண்ணெய் தடவிப் படுங்க
என்கிறாள் பிரமு.